டவர் தரைமட்டத்துக்கு வந்துவிட்டதா? பள்ளம் தோண்டுவதிலிருந்து தரைமட்ட ஸ்லாப் வரை கணக்கு வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் மூன்று பேஸ்மென்ட் வைத்த அடுக்குமாடியில் வீடு புக் செய்தவருக்கு முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கண்ணுக்குத் தெரிவது தகரத் தடுப்பும் மண் லாரியும்தான். ஆனால் பணம் கேட்டு வரும் டிமாண்ட் லெட்டர்களில் நல்ல பங்கு அந்தக் காலத்திலேயே வந்துவிடும். தரைக்கு மேலே மாடியை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். தரைக்குக் கீழே எண்ண வேண்டியவை வேறு.

வீடு வாங்குபவர்கள், வாங்குபவர் சங்கத்துக்காகக் கணக்கு வைப்பவர்கள், சைட்டில் புதிதாகச் சேர்ந்த பிளானிங் இன்ஜினியர்கள் என மூவருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். கணக்குகளை விளக்க ஒரு மாதிரித் திட்டத்தை எடுத்துக்கொள்கிறோம்: 4,000 சதுர மீட்டர் பேஸ்மென்ட் பரப்பு, இரண்டு டவர், மூன்று பேஸ்மென்ட், சுமார் 11 மீட்டர் ஆழப் பள்ளம். உங்கள் திட்டத்தின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. எந்த ஸ்லாப் ‘தரைமட்டம்’ என்பதை முதலில் எழுதி வையுங்கள்

பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. மூன்று பேஸ்மென்ட் கட்டடத்தில் கான்கிரீட் போடும் தட்டுகள் நான்கு. அடியில் ராஃப்ட், அதாவது கட்டடத்தைத் தாங்கும் கனமான அடித்தளக் கான்கிரீட்; அதுவே பி3-யின் (அடியிலுள்ள மூன்றாவது பேஸ்மென்ட்டின்) தரை. அதற்கு மேல் பி2-வின் தரை, பி1-இன் தரை, கடைசியாகக் கிரவுண்ட் ஃப்ளோர் ஸ்லாப். ‘பி2 ஸ்லாப் முடிந்தது’ என்று சைட்டில் சொன்னால் பெரும்பாலும் பி2-வின் தரை என்று அர்த்தம். அதையே விற்பனைப் பிரிவு ‘இரண்டாவது பேஸ்மென்ட் முடிந்தது’ என்று எழுதும். இரண்டுக்கும் ஒரு முழுத் தட்டு வித்தியாசம்.

ஒப்பந்தத்தின் கட்டண அட்டவணையில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். ‘பிளின்த் (தரையை ஒட்டிய பீட மட்டம்) முடிந்ததும்’, ‘பேஸ்மென்ட் ரூஃப் ஸ்லாப் முடிந்ததும்’, ‘கிரவுண்ட் ஃப்ளோர் ரூஃப் ஸ்லாப் முடிந்ததும்’ ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நாட்கள். கடைசியில் சொன்னது தரைமட்டத்துக்கு மேல் இன்னொரு தளம்.

அது எந்த டவருக்கான அட்டவணை என்பதையும் பாருங்கள். ‘உங்கள் டவரில்’ என்று எழுதியிருந்தால் பக்கத்து டவரின் முன்னேற்றத்தைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. ‘திட்டத்தில்’ என்று மொட்டையாக இருந்தால் இப்போதே எழுத்தில் விளக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லெட்டர் வந்த பிறகு கேட்டால் அது தகராறாகத்தான் பார்க்கப்படும்.

2. கையில் இருக்க வேண்டியவை

அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் செக்‌ஷன் படம்தான் முதல் தேவை. மாடித் திட்டப் படத்தை எல்லோரும் வாங்கி வைத்திருப்பார்கள். செக்‌ஷனைத்தான் யாரும் கேட்பதில்லை. எத்தனை பேஸ்மென்ட், ஒவ்வொன்றின் உயரம், சாலை மட்டத்திலிருந்து கிரவுண்ட் ஃப்ளோர் எவ்வளவு மேலே என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன் 19-ஆவது பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடங்களையும் கட்டம் கட்டமான கால அட்டவணையையும் பெறும் உரிமையை வாங்குபவருக்குக் கொடுத்திருக்கிறது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வேகமாக வரும்.

அடுத்தது, தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் உங்கள் திட்டத்தின் பக்கம். அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி கட்டுநர் காலாண்டுக்கு ஒருமுறை நிலவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு காலாண்டுப் பதிவையும் அன்றே பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். உங்கள் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஒரே அதிகாரபூர்வப் பதிவு அதுதான்.

இவை தவிர, கட்டண அட்டவணை உள்ள ஒப்பந்தப் பக்கங்களின் நகல், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், உயரமான பார்வையிடம் ஒன்று. அவ்வளவுதான்.

3. ஜோன் பிரித்து ஷீட் போடுங்கள்

4,000 சதுர மீட்டரை எந்த காண்ட்ராக்டரும் ஒரே மூச்சில் போடுவதில்லை. ஜோன் ஜோனாகத்தான் போடுவார்கள். ஷீட்டும் அப்படியே இருக்க வேண்டும். சைட்டின் ஜோன் பிரிப்பு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் படத்தைப் பார்த்து நீங்களே பிரியுங்கள். நம் மாதிரியில்:

- ஏ: டவர் 1-இன் அடிப்பரப்பு, 900 சதுர மீட்டர்
- பி: டவர் 2, 900 சதுர மீட்டர்
- சி: இரண்டுக்கும் இடைப்பட்ட பார்க்கிங் பகுதி, 1,800 சதுர மீட்டர்
- டி: மண் லாரி ஏறி இறங்கும் ராம்ப் மூலை, 400 சதுர மீட்டர்

ஜோன்கள் நெடுவரிசை, நான்கு தட்டுகள் கிடைவரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு தேதி: கான்கிரீட் போட்ட நாள். கம்பி கட்டுவதையும் ஷட்டரிங் (கான்கிரீட்டுக்கான அச்சுப் பலகை) அடிப்பதையும் குறிப்பாக எழுதுங்கள், சதவீதத்தில் சேர்க்காதீர்கள். கம்பி கட்டிய நிலையில் ஒரு மாதம் அப்படியே கிடக்கும் ஜோன்கள் உண்டு. போட்ட கான்கிரீட் பின்வாங்காது.

இப்போது கணக்கு. ஏ தரைமட்டத்தைத் தொட்டுவிட்டது: நான்கில் நான்கு தட்டு. பி-யில் இரண்டு, சி-யில் ராஃப்ட் மட்டும், டி இன்னும் மண். பரப்பால் பெருக்கினால் 900 + 450 + 450 + 0 = 1,800. மொத்தம் 4,000-இல் இது 45 சதவீதம். ‘டவர் தரைமட்டத்தை எட்டியது’ என்று அன்று வாட்ஸ்அப்பில் வரும் படம் பொய்யில்லை. பேஸ்மென்ட் வேலையில் பாதிகூட முடியவில்லை என்பதும் பொய்யில்லை. டவர் 1-இல் வீடு வாங்கியவருக்கும் டவர் 2-இல் வாங்கியவருக்கும் அந்தப் படத்தின் மதிப்பு ஒன்றல்ல.

இந்தச் சதவீதம் ஸ்லாப்புகளுக்கு மட்டுமே. பள்ளம், பைல் (கட்டடச் சுமையை ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) ஆகியவற்றை இதில் கலக்காமல் தனி வரிசையில் வையுங்கள். கலந்தால் எதுவுமே எழும்பாத நிலையில்கூட 40, 50 என்று ஓர் எண் வந்து நிற்கும்.

4. எங்கிருந்து, எப்போது பார்ப்பது

எதிர்ப்புறத்து மொட்டை மாடி ஒன்றுக்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம், ஜூம் இல்லாமல் ஒரு படம், ஜூமில் மூன்று படம். கோப்பின் பெயரில் தேதியைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் தேதித் தகவலை இழந்துவிடும் என்பதால் மூலப் படத்தைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தூண்களின் நிழலைக் கொண்டே எண்ணிவிடலாம். உச்சி வெயிலில் பள்ளம் முழுக்க ஒரே வெள்ளையாகத் தெரியும்.

ஆழத்தைக் கணிக்க டேப் வேண்டாம். ஷட்டரிங் பிளைவுட் ஒரு முழுத் தகடு 8 அடிக்கு 4 அடி, அதாவது 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர். வெட்டாத கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளம். படத்தில் இவற்றில் ஒன்று இருந்தால் அதை அளவுகோலாக வைத்து மற்றதை எடுத்துவிடலாம்.

இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டர். பள்ளம் எப்போது தொடங்கியது, எவ்வளவு பரப்பு என்பதற்கு அது போதும். எத்தனை தட்டு வந்தது என்பதற்கு உதவாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம்தான் தெரியும். டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் முதலில் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை டிரோன் வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தேடுங்கள். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி சிவப்பு மண்டலம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிட முடியாது.

5. பள்ளம்: லாரியை எண்ணுங்கள், ஷோரிங்கைப் பாருங்கள்

தோண்டுவதற்கு முன்பே ஷோரிங், அதாவது பக்கவாட்டு மண்ணைத் தாங்கும் ஏற்பாடு, முடிந்திருக்க வேண்டும். ஆழமான பள்ளத்துக்கு டி-வால் (டயஃப்ரம் வால், நிலத்துக்குள் போடும் கான்கிரீட் சுவர்) அல்லது நெருக்கமாக இறக்கிய பைல் வரிசை. டி-வால் என்றால் சில மீட்டர் நீளப் பேனல்களாக, பென்டோனைட் களிமண் குழம்பு நிரப்பிய குழியில் கம்பிக் கூண்டை இறக்கிப் போடுவார்கள். முழுச் சுற்றும் மூடாமல் ஆழத் தோண்டக் கூடாது என்பதால், பேனல் எண்ணிக்கைதான் இந்தக் கட்டத்தின் முன்னேற்றம்.

ஷோரிங்கை வெறும் தற்காலிக வேலை என்று ஒதுக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து இருவர் உயிரிழந்தனர். அக்டோபர் வரும்போது பள்ளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். ராஃப்ட் போடாத திறந்த பள்ளத்தோடு பருவமழைக்குள் நுழையும் திட்டம், ஜனவரி வரை தண்ணீர் இறைத்துக்கொண்டும் சேற்றை வாரிக்கொண்டும் இருக்கும். கட்டுநரின் அட்டவணையில் அந்த மூன்று மாதத்துக்கு வழக்கமான வேகம் போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

மண் கணக்கு எளிது. 4,000 சதுர மீட்டர், 11 மீட்டர் ஆழம்: 44,000 கன மீட்டர். தோண்டிய மண் உப்பும்; கால் பங்கு கூட்டினால் 55,000. ஒரு டிப்பருக்கு 12 கன மீட்டர் என்றால் சுமார் 4,600 லோடு. இரவுக்கு 60 லோடு போனால் 76 இரவு. இரண்டு மூன்று இரவு வாசலில் லாரியை எண்ணினால் போதும், ‘அடுத்த மாதம் தோண்டி முடித்துவிடுவோம்’ என்பது நடக்கிற காரியமா என்று தெரிந்துவிடும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போல அடியில் சார்னோகைட் பாறை இருக்கும் இடங்களில் இந்தக் கணக்கு மண் வரைக்கும்தான். பாறையை உடைக்கும் வேகம் வேறு.

லாரி இறங்கும் ராம்ப் இருக்கும் மூலை கடைசியில்தான் தோண்டப்படும். அதனால்தான் டி ஜோனைத் தனியாகப் பிரித்தோம். அந்த மூலையின் ராஃப்டும் கடைசியில்தான் வரும். அது தாமதம் இல்லை, வேலையின் வரிசையே அப்படி.

6. பைல்: தலையை எண்ணும்வரை நம்பாதீர்கள்

மண்ணைப் பொறுத்துப் பைல் இல்லாமல் ராஃப்ட் மட்டுமே போடும் திட்டங்களும் உண்டு. உங்கள் திட்டத்தில் பைல் இருந்தால் வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் தரையில் நின்றே பைல் போட்டுவிட்டுப் பிறகு தோண்டுவார்கள். சிலர் பாதி தோண்டிய மட்டத்தில் துளையிடும் ரிக் இறக்குவார்கள். முதல் வகையில் ‘பைலிங் 100 சதவீதம்’ என்று அறிக்கை வரும், வெளியே பார்த்தால் வெறும் மைதானம்தான் தெரியும். பள்ளம் அடிமட்டத்துக்குப் போன பிறகுதான் பைல் தலைகள் வெளிப்படும்.

போட்ட பைலின் மேல்பகுதிக் கான்கிரீட்டில் சேறு கலந்திருக்கும். அதனால் தேவையான மட்டத்துக்கு மேலேயே நிரப்பிவிட்டு, பின்னர் அந்தத் தலையை உடைத்துக் கம்பியை மட்டும் வெளியே நீட்டி விடுவார்கள். உடைத்த தலை, மேலே நிற்கும் கம்பிக் கொத்து – இந்த இரண்டும் தெரிந்தால்தான் அந்தப் பைல் ராஃப்டுக்குத் தயார். எண்ணி ஷீட்டில் போடுங்கள்.

பைல் சுமை தாங்குமா என்று பார்க்கும் லோடு டெஸ்ட் வெளியிலிருந்தே தெரியும். ஒரு மேடைமேல் கான்கிரீட் கட்டைகளையோ மணல் மூட்டைகளையோ மலைபோல் அடுக்கி வைத்திருப்பார்கள். இந்தியத் தரநிலை ஐஎஸ் 2911 பகுதி 4-இன்படி வேலைப் பைல்களில் செய்யும் வழக்கமான சோதனை, வடிவமைப்புச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கு. தொடக்கச் சோதனைக்கு இரண்டரை மடங்கு. அந்த அடுக்கு ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நின்றால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, அடுக்கவும் பிரிக்கவுமே நாள் பிடிக்கும். ஒரு பைல் சோதனையில் தேறாவிட்டால் அங்கே கூடுதல் பைல், புதிய வடிவமைப்பு என்று பல வாரம் போகலாம். பைல் முடிந்து நெடுநாள் ராஃப்ட் தொடங்காமல் இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி சோதனை முடிவைப் பற்றித்தான்.

7. ராஃப்ட்: வரிசை தவறினால் திரும்ப வழியில்லை

பள்ளத்தின் அடியில் முதலில் மெல்லிய பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்), அதன் மேல் வாட்டர்புரூஃபிங், அதைக் காக்க ஒரு பூச்சு, பிறகுதான் கம்பி. சாம்பல் நிற பிசிசி மேல் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு விரிப்பு தெரிந்ததா என்று படத்தில் தேடுங்கள். பவுடராகக் கான்கிரீட்டிலேயே கலக்கும் வகையாக இருந்தால் விரிப்பு தெரியாது. அப்போது அந்த முறையை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் சென்னைப் பகுதிகளில், பின்னாளில் பி3-யில் கசிவு வந்தால் முதலில் தேடப்படுவது இந்தப் பதிவுதான்.

கான்கிரீட் போடும் நாளை ஊரே அறியும். ஏ ஜோன் ராஃப்ட் 1.8 மீட்டர் கனம் என்றால் 1,620 கன மீட்டர். ஒரு ஆர்எம்சி (ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்) லாரிக்கு 6 கன மீட்டர்: 270 லோடு. இரண்டு பூம் பம்ப் சேர்ந்து மணிக்கு 70 கன மீட்டர் தள்ளினால் 23 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ‘நேற்று மாலை நாலு மணி நேரத்தில் டவர் ராஃப்ட் முடிந்தது’ என்று யாராவது சொன்னால் அது ஒரு துண்டுதான். லிஃப்ட் குழியோ, பைல் தலைகளை இணைக்கும் பைல் கேப்போ ஆக இருக்கும்.

இவ்வளவு கனமான கான்கிரீட்டில் சூடு உள்ளேயே தங்கும். நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தாண்டாமலும், நடுவுக்கும் மேற்பரப்புக்கும் இடையே வித்தியாசம் 20 டிகிரியைத் தாண்டாமலும் வைப்பது பொதுவான நடைமுறை. அதற்காகக் கலவையில் ஐஸ் போடுவார்கள். மேலே தெர்மாகோலோ சாக்கோ போர்த்துவார்கள். போட்டு ஒரு வாரம் வரை ராஃப்ட் மேல் போர்வை கிடந்து வேலை ஓடவில்லை என்றால் அது நல்ல அறிகுறி. புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் ‘வேலை நிறுத்தம்’ என்று குழுவில் எழுதுவார்கள்.

கியூப் (பலத்தைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி) கணக்கையும் கேட்கலாம். ஐஎஸ் 456-இன்படி முதல் 50 கன மீட்டருக்கு 4 மாதிரி, அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் ஒன்று. 1,620-க்கு ஏறக்குறைய 36 மாதிரி. 28 நாள் முடிவுகள் வந்ததா என்று அடுத்த மாதம் கேளுங்கள். 7 நாள் முடிவை மட்டும் காட்டி முடித்துக்கொள்ள விடாதீர்கள். அது முன்னறிகுறி, தீர்ப்பு அல்ல.

8. ராஃப்டிலிருந்து மேலே: எதை ‘முடிந்தது’ என்று எழுதுவது

ஒவ்வொரு தட்டிலும் வரிசை ஒன்றேதான்: தூண், லிஃப்ட்டைச் சுற்றிய கோர் வால், ஓரத்தில் மண்ணைத் தாங்கும் ரிட்டெய்னிங் வால், பிறகு ஸ்லாப். கோர் வால் மட்டும் முன்னே ஓடி ஒரு கோபுரம்போல் தரைக்கு மேலே எட்டிப் பார்க்கும். அதைப் படம் எடுத்து ‘தரைமட்டம் தாண்டிவிட்டது’ என்று கொண்டாடுவது வழக்கம். தூண் கம்பிகள் தடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதும் அப்படித்தான். ஸ்லாப்பைத் தவிர எதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

போட்ட ஸ்லாப்பும் உடனே முழுப் பலம் பெறாது. 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள ஸ்லாப்பின் அடியில் தாங்கும் முட்டுகளை 14 நாள் வரை, 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமின் முட்டுகளை 21 நாள் வரை வைத்திருக்கச் சொல்கிறது ஐஎஸ் 456. அந்த முட்டுகளுக்கு மத்தியில் பார்க்கிங்கில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ஆகவே ஷீட்டில் இரண்டாவது தேதி ஒன்றுக்கு இடம் விடுங்கள்: முட்டு எடுத்த நாள்.

பள்ளத்துக்குக் குறுக்கே இரும்பு ஸ்ட்ரட் (பக்கச் சுவர் உள்ளே சாயாமல் தாங்கும் குறுக்குத் தாங்கி) வைத்த சைட்டுகளில் இதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. கீழ்வரிசை ஸ்ட்ரட்டைக் கழற்ற வேண்டுமானால் அந்த மட்டத்தில் ஸ்லாப் வந்து பலமேறி, பக்கச் சுவரைத் தாங்கத் தயாராக இருக்க வேண்டும். கழற்றிய ஸ்ட்ரட்டுகள் கிரேனில் மேலே வரும் நாள், அந்தத் தட்டு உண்மையிலேயே முடிந்த நாள்.

பயப்பட வேண்டாத ஒன்று: டவர் பகுதிக்கும் பார்க்கிங் பகுதிக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலத்தில் கம்பி மட்டும் தெரியும் நீண்ட இடைவெளி எல்லாத் தட்டிலும் ஓடும். அது போர் ஸ்ட்ரிப் (pour strip), பின்னால் கான்கிரீட் போட விட்டுவைக்கும் பட்டை. கனமான டவர் சற்றே இறங்கும், லேசான பார்க்கிங் பகுதி அவ்வளவு இறங்காது. இரண்டையும் உடனே இணைத்தால் இணைப்பில் வெடிக்கும் என்பதால் கடைசியில்தான் அடைப்பார்கள். மாதக்கணக்கில் திறந்திருப்பது சாதாரணம்.

இன்னொரு விதிவிலக்கையும் தெரிந்து வையுங்கள். டாப்-டவுன் முறையில் தரைமட்ட ஸ்லாப்தான் முதலில் வரும். அதன் அடியில் துளைவழியே மண்ணை எடுத்துக்கொண்டே கீழ்த் தட்டுகளைப் போடுவார்கள். அங்கே ‘தரைமட்டம் முடிந்தது’ என்பது பேஸ்மென்ட் வேலையின் தொடக்கம். உங்கள் சைட் எந்த முறை என்று முதல் மாதமே கேட்டுவிடுங்கள். கட்டண அட்டவணை வழக்கமான முறைக்கு எழுதப்பட்டு, கட்டுவது டாப்-டவுனில் என்றால் பணம் மிக முன்னதாகப் போய்விடும்.

9. தரைமட்ட ஸ்லாப் வந்த பிறகும் பம்ப் ஏன் ஓடுகிறது

காலிக் குடம் தண்ணீரில் மிதப்பதுபோல் காலி பேஸ்மென்ட்டும் மேலே எழும்பப் பார்க்கும். நிலத்தடி நீர் 2 மீட்டர் ஆழத்தில், ராஃப்டின் அடி 12 மீட்டரில் என்றால், 10 மீட்டர் நீர் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10 டன் விசையோடு மேலே தள்ளும். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2.5 டன். ஏ ஜோனில் 1.8 மீட்டர் ராஃப்ட் 4.5 டன், 28 செ.மீ. ஸ்லாப் மூன்று சேர்ந்து 2.1 டன், தூண், சுவர் ஒரு டன் என்று வைத்தாலும் 7.6-தான். சி ஜோனில் ராஃப்ட் 80 செ.மீ. என்றால் 5 டன்னைத் தாண்டினாலே பெரிது.

மீதியை மேலே வரும் மாடிகளோ, இழுவிசை தாங்கும் பைலோ, நிலத்தோடு பிடித்துக் கட்டும் ஆங்கரோ ஈடுகட்ட வேண்டும். அதனால் பம்பை எப்போது நிறுத்தலாம் என்பதை ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் சொல்ல வேண்டும், மின் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வேலை நின்றுபோன சைட்டில் முதலில் நிறுத்தப்படுவது பம்ப்தான் என்பதால், வடிகாலில் விழும் அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று வாரப் படத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரைமட்டம் முடிந்தது என்று எழுத எல்லா ஜோனிலும் ஸ்லாப் போட்டு முட்டு எடுத்திருக்க வேண்டும். ரிட்டெய்னிங் வாலுக்கும் ஷோரிங்குக்கும் இடையே இடைவெளி இருந்தால் வெளிப்புற வாட்டர்புரூஃபிங் முடித்துக் கிராவலால் நிரப்பியிருக்க வேண்டும். போர் ஸ்ட்ரிப்பும் ராம்ப் மூலையும் மட்டும் பாக்கி என்றால், அப்படியே எழுதுங்கள்.

10. டிமாண்ட் லெட்டர் வந்ததும்

லெட்டரில் உள்ள கட்டத்தின் பெயரை ஒப்பந்தத்தின் வார்த்தையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் ஷீட்டோடு. மூன்றும் பொருந்தினால் கெடு தேதிக்குள் கட்டுங்கள். தாமதித்தால் வட்டி உண்டு. கட்டுநர் தாமதித்தாலும் அதே விகிதம்தான் என்கிறது சட்டம்.

பொருந்தாவிட்டால் கெடுவுக்கு முன்பே எழுத்தில் மூன்று கேளுங்கள்: அந்தக் கட்டம் முடிந்ததற்கான இன்ஜினியர் சான்று, ஆர்க்கிடெக்ட் சான்று, தேதியிட்ட படம். இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அதிலிருந்து எடுக்க இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மூவரும் வேலையின் அளவைச் சான்றளிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாள்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டியவை. தகராறு தொகையின் ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் மீதியைக் கெடுவுக்குள் கட்டிவிட்டுக் கேளுங்கள், ‘பணமே தரவில்லை’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

வங்கி ஆள் வந்து பார்த்துவிட்டுத்தான் பணம் விடுவித்தது என்று அசட்டையாக இருந்துவிட வேண்டாம். வங்கியின் மதிப்பீட்டாளர் கடனுக்கு ஈடு இருக்கிறதா என்று பார்க்கிறவர். கட்டண அட்டவணையின் வார்த்தையை அவர் உங்களுக்காக வாதாட மாட்டார். வட்டி உங்கள் பெயரில்தான் ஓடும்.

11. தரைமட்டத்துக்கு மேல் கணிக்கும்போது

பேஸ்மென்ட்டில் ஒரு தட்டுக்கு ஆன நாளை அப்படியே மேல்மாடிகளுக்கு நீட்டினால் திட்டம் முடியப் பத்தாண்டு என்று வரும். அலுமினிய ஷட்டரிங் ஓட ஆரம்பித்த டவரின் வேகத்தை முதல் மாடியிலிருந்தே போட்டால் நேர்மாறான தவறு. போடியம் (டவர்களுக்கு அடியில் பரந்திருக்கும் கீழ்த்தளங்கள்) இருந்தால் முதல் இரண்டு மூன்று தளம் இன்னும் மரப்பலகை, முட்டு வேலைதான். அலுமினியத் தொகுதி வந்து இறங்கி, துண்டுகளுக்கு எண் போட்டு, ஆட்கள் பழகி முடிக்கும் முதல் தளத்துக்கு மூன்று நான்கு வாரம் போகலாம். அதன் பிறகே ஒரு தளத்துக்கு 7 முதல் 10 நாள் என்ற சுற்று வரும்.

அதனால் தரைமட்டம் முடிந்த மாதத்தில் ஒப்படைப்புத் தேதியைக் கணிக்காதீர்கள். ஒரே மாதிரி மாடிகள் மூன்று அடுத்தடுத்து வந்தபின் அந்த மூன்றின் சராசரியை எடுத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களுக்குக் கொஞ்சம் தளர்த்தி, மீதி மாடிகளால் பெருக்குங்கள். வரும் தேதி கான்கிரீட் முடியும் தேதி மட்டுமே. பூச்சு, லிஃப்ட், தீயணைப்பு அனுமதி, நிறைவுச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு ஷீட்டில் புதிய பக்கம் திறக்க வேண்டும்.